சத்திரம் பஸ் பேச்சு

வலது தோளில் கிளம்பிய வலி முழங்கை வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றது. பெரியண்ணன் ஸ்பீக்கர் பாக்ஸைப் பாதி வழியில் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நாற்பது கிலோ. இரண்டு பேர் தூக்க வேண்டிய சாமான். இருபத்தாறு வருஷமாக இரண்டு பேர்தான் தூக்கினார்கள். அந்த இன்னொரு ஆள், ராசப்பன், தாராநல்லூர் தெருவில் போட்டிருந்த பந்தலுக்குள் நீலத் துணி மூடிய படமாக ஒரு நாற்காலியில் சாய்ந்திருந்தான். செத்துப் பதினாறு நாள் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குப் படத்திறப்பு.

மைக்செட் காசு வேண்டாம் என்று முதலாளி அனீஸ் சொல்லிவிட்டார். ஆனால் கட்டுவதற்கு ஆள் வேண்டும். மூன்று இடத்தில் கல்யாணம், மற்ற பையன்கள் எல்லாம் அங்கே. ராசப்பனின் படத்திறப்புக்கு பெரியண்ணன் ஒருவர்தான்.

"பெரியப்பா, எந்திரிங்க. நான் ஒரு பக்கம் புடிக்கறேன்," என்று வந்தான் பீமராவ். ராசப்பனின் மகன். ஏசி ரிப்பேர் வேலைக்குப் போகிறவன். அப்பாவைப் போலவே குட்டை, அப்பாவைப் போலவே புஜம்.

"நீ சட்டை கசங்காம இரு. வர்றவங்களைக் கூப்பிட்டு உக்கார வை."

"நோட்டீஸ் பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். சட்டைப் பையிலேயே நான்காக மடித்து வைத்திருந்தார். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, படத்திறப்புரை, புகழுரை என்று போய் நன்றியுரையில் முடிகிறது. மொத்தம் பதினொரு உரை. ஒன்பதாவதாக, 'நினைவுரை: திரு. பெரியண்ணன், ஒலிபெருக்கிப் பணியாளர்.'

மூன்று நாளைக்கு முன் பீமராவ் கடைக்கு வந்து கேட்டான். "பெரியப்பா, உங்களுக்கு என்ன உரை போடட்டும்?"

"எனக்கு எதுக்குடா உரை? ஒயரு போடறேன், போதும்."

"அம்மா சொல்லிடுச்சு. நீங்க பேசலைன்னா படத்தைத் திறக்க விடாதாம்."

ராசப்பனின் மனைவி சந்திரம்மாள் சொன்னால் சொன்னதுதான். அவள் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் ஆய்கிறவள். மூட்டை மூட்டையாகக் கொட்டி அழுகலைப் பிரித்து எடுப்பாள். அவள் கையில் அகப்பட்டால் நல்லதும் கெட்டதும் தனித்தனியாகத்தான் போகும்.

படத்திறப்பு அன்று காலையில் தோளுக்குத் தைலம் தேய்க்கும்போது அவர் மனைவி காளியாயியும் இதையேதான் கேட்டாள்.

"என்னய்யா, மைக்ல பேசப் போறியாமே. என்ன பேசுவே?"

"ஏதோ பேசறேன்."

"ஏதோ பேசாத. போனை எடுத்தது யாருன்னு சொல்லு. சொல்லித் தொலைச்சிட்டு வா. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கற. கட்டில் சத்தத்துல எனக்கும் தூக்கமில்ல."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

*

மைக்செட் வேலையில் பாரம் தூக்குவது பாதிதான். மீதிப் பாதி காத்திருப்பது. மேடையில் ஆள் பேசி முடிக்கும் வரை மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மைக் ஊய்ங் என்று கூவினால் குறைக்க வேண்டும், பேசுகிறவர் மைக்கை விட்டு விலகினால் ஏற்ற வேண்டும். அவர் முடித்தால்தான் அவிழ்க்கலாம், அவிழ்த்தால்தான் ஏற்றலாம், ஏற்றினால்தான் சோறு. ஆகவே பேச்சு என்ன பேச்சு என்பது இவர்களுக்கு வயிற்று விஷயம். பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பதைப் பெரியண்ணன் கேட்டதே இல்லை. எப்போது முடிப்பார் என்பதை மட்டும் கேட்டார்.

பொதுக்கூட்டத்தில் அதற்கு உரை என்று பெயர். மாதா கோயிலில் பிரசங்கம். பள்ளிவாசலில் பயான். ஸ்ரீரங்கத்தில் உபன்யாசம். காலேஜில் லெக்சர். ஊரார் எல்லாவற்றையும் சேர்த்து ரம்பம் என்றும் பிளேடு என்றும் சொல்வார்கள். ராசப்பனுக்கு அந்த வார்த்தைகள் போதவில்லை. "அறுக்கறான்னு தெரியுது அண்ணே. எவ்வளவு நேரம் அறுப்பான், அதுல்ல நமக்குத் தெரியணும்," என்பான். அதற்கு அவனே பெயர் வைத்தான்.

ஆரம்பித்த இடத்துக்கே சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பொடிப்பொடியாக உதிர்ந்து போகிற பேச்சு மணப்பாறை முறுக்கு. அது ஒன்றரை மணி நேரம். மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி விரலைப் பிடித்து விலை பேசுகிற மாதிரி, வெளியில் ஒன்றும் சொல்லாமல் வேண்டியவனுக்கு மட்டும் புரிய வைக்கிற பேச்சு துண்டுப் பேச்சு. அது சீக்கிரம் முடியும். ரயில்வே கேட்டில் நின்று பெட்டியை எண்ணிக்கொண்டே இருக்கும்படி வந்துகொண்டே இருப்பது கூட்ஸ் வண்டி. அதற்கு இவர்கள் ஒருவரை மிக்சரில் விட்டுவிட்டு இன்னொருவர் போய்ச் சாப்பிட்டு வந்துவிடலாம்.

எல்லாவற்றிலும் மோசம் சத்திரம் பஸ். சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கிற டவுன் பஸ்ஸைப் போல. இன்ஜின் உறுமும். கண்டக்டர் விசில் அடிப்பார். வண்டி அரை அடி நகரும். ஏறிக்கோ ஏறிக்கோ என்று ஒரு குரல், மறுபடி நிற்கும். "இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் ராசப்பன் ஸ்டாண்டு பக்கம் போவான். "நிறைவு செய்யுமுன் ஒன்றே ஒன்று" என்று மேடையில் கேட்கும். அவன் திரும்பி பெரியண்ணனைப் பார்த்து, ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இரண்டு கையையும் தூக்கி, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுவான். கூட்டத்தில் யாருக்கும் புரியாது. பெரியண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் மிக்சருக்கு அடியில் குனிந்துகொள்வார்.

*

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நடந்தது இதுதான்.

கடைக்கு புக்கிங் வருகிற போன் ஒன்று உண்டு. பழைய பட்டன் போன். முறை வைத்து ஒருவர் கையில் இருக்கும். அன்றைக்குப் பெரியண்ணன் கையில் இருந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம் அடித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதன் என்று ஒருவர். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவராம்.

"நாளான்னிக்குக் கார்த்தால காலக்ஷேபம் ஆரம்பிக்கறோம். அம்மா மண்டபம் ரோடுல அபார்ட்மென்ட். ஒரு மாசம் நடக்கும், தினமும் ஒன்றரை மணி நேரம். என்னன்னா, ஸ்வாமிக்கு வயசாயிடுத்து…"

அந்த ஆள் நீளமாகப் பேசப் போகிறார் என்று தெரிந்ததுமே பெரியண்ணனின் காது தானாக மூடிக்கொண்டது. பேசுகிறவர்களிடம் வேலை பார்த்துப் பார்த்து வந்த வியாதி அது. போனைக் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சோற்றைப் பிசைந்தார். போன் பேசிக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு முறை "ஆங்" என்றார். கடைசியில், "சரிங்க சாமி, செஞ்சிரலாம்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

"முழுசாக் கேட்டியாய்யா?" என்றாள் காளியாயி.

"காலட்சேபம். எத்தனை பாத்திருக்கேன்."

அவர் பார்த்தது லால்குடி, துறையூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் நடக்கிற காலட்சேபம். ஒருவர் கதை சொல்லிப் பாடுவார், பின்பாட்டு ஒருவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. நான்கு மைக், இரண்டு பெரிய பாக்ஸ், மிக்சர். அதையே நோட்டில் எழுதினார். அதையே வியாழக்கிழமை காலை வண்டியில் ஏற்றினார்கள்.

மூன்றாவது மாடி. லிஃப்டில் பாரம் ஏற்றக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. வாட்ச்மேன் அதைக் கையால் தொட்டுக் காட்டினார்.

"நல்லா கேட்டியா அண்ணே? மூணாவது மாடியில யாரு காலட்சேபம் நடத்தறா?" என்றான் ராசப்பன்.

"கேட்டேன்டா. மொட்டை மாடியா இருக்கும்."

"உன் தோளு இருக்கிற இருப்புக்கு நீ மிக்சரைப் புடி. பாக்ஸை நான் பாத்துக்கறேன்."

துண்டைச் சும்மாடாக மடித்து முதுகில் போட்டு, ஒரு பாக்ஸை முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறினான். இறங்கி வந்து இரண்டாவதையும் ஏற்றினான். பெரியண்ணன் மிக்சரோடும் ஒயரோடும் பின்னால் போனார். படியில் ராசப்பனின் மூச்சு மைக் இல்லாமலே கேட்டது.

கதவைத் திறந்த ரங்கநாதன் இரண்டு பாக்ஸையும் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்தார். உள்ளே கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் பலகையில் மெலிந்த ஒரு பெரியவர்.

"இதெல்லாம் எதுக்கு?"

"காலட்சேபத்துக்குங்க சாமி. ஆர்மோனியம் எந்தப் பக்கம் வைப்பாங்கன்னு சொன்னா…"

"ஆர்மோனியமா? இது கிரந்த காலக்ஷேபம். சிஷ்யாள் எட்டுப் பேருக்கு ஸ்வாமி அர்த்தம் சொல்றார். உபன்யாசம்னா ஊருக்கே சொல்றது, யார் வேணா வந்து கேக்கலாம். இது கதவைச் சாத்திண்டு சொல்றது. ஸ்வாமிக்குக் குரல் மெலிஞ்சு போச்சு, கடைசியில இருக்கறவாளுக்குக் கேக்கலை. அங்கவஸ்திரத்துல மாட்டிக்கறாப்பல சின்னதா ஒரு மைக், சின்னதா ஒரு ஸ்பீக்கர், அவ்வளவு போதும்னு போன்லயே விஸ்தாரமா சொன்னேனே. சரி சரின்னேளே."

அவர் கோபப்படவில்லை. அலுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டு பாக்ஸையும் ராசப்பனே திரும்ப இறக்கினான். இரண்டாவதை இறக்கும்போது இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் வேர்வை. ஆனால் சிரித்தான்.

"ஒரு வார்த்தைக்கு மூணு மாடியா அண்ணே?"

"எனக்கென்னடா தெரியும், இவங்க காலட்சேபம் வேற, நம்ம காலட்சேபம் வேறன்னு."

"அந்த ஆளு சொல்லியிருக்காருல்ல. நீ போனைத் தூரப் புடிச்சிருப்ப."

அப்போது ராசப்பனின் சொந்த போன் அடித்தது. அனீஸ். ரங்கநாதன் அதற்குள் கடைக்குப் போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கிறார். ராசப்பன் ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரு அந்த போனை எடுத்தது?" என்றது அனீஸின் குரல்.

பெரியண்ணன் மிக்சரைப் படியில் இறக்கி வைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர் ஒரு கல்யாணத்துக்குத் தேதி மாற்றி எழுதி, பந்தலே போடாத காலி இடத்தில் போய் இறங்கியிருந்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்ல இருந்துக்குங்க பெரியண்ணே. தோளும் போச்சு, காதும் போச்சுன்னா நான் என்ன பண்றது?" என்று அனீஸ் சொல்லியிருந்தார். திட்டாமல் சொன்னார். அதனால்தான் பயம்.

ராசப்பன் பெரியண்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருடைய தோளைப் பார்த்தான்.

"நான்தான் மொதலாளி. அன்னிக்கு போன் என்கிட்ட இருந்துச்சு."

அனீஸ் பிடித்துக்கொண்டார். வேறு வேலையை விட்டுவிட்டு வண்டி அனுப்பியது, பெயர் கெட்டது, அவருடைய அத்தா காலத்திலிருந்து ஸ்ரீரங்கத்தில் இருந்த வாடிக்கை, எல்லாம் வந்தது. ராசப்பன் போனைப் படியில் வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தது குரல்.

"கூட்ஸ் வண்டி," என்று வாயசைத்தான் பெரியண்ணனைப் பார்த்து. "கடைசி கார்டு பெட்டி வர்ற வரைக்கும் நிக்கணும்."

பெரியண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இப்போது அவரைத் தின்கிறது.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டான். படி ஏறியதால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பீடி உண்டு, சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சோறும் தூக்கமும் கிடையாது. ஆனால் பெரியண்ணனுக்குக் கணக்குத் தெரியும். ஏறியது இரண்டு முறை, பாரத்தோடு இறங்கியது இரண்டு முறை.

சாவு வீட்டில் அனீஸ் அழுதார். "கடைசியா நான் அவரைத் திட்டிட்டேன்க்கா. ஒரு போனைத் தப்பா எடுத்துட்டாருன்னு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க," என்று சந்திரம்மாளிடம் கையெடுத்தார். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் செத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தையை ஒழுங்காக் கேக்க மாட்டாம மூணு மாடி ஏறி எறங்கி என்னை விட்டுட்டுப் போயிட்டியே." அதே வார்த்தைகள், அதே ராகம். ஒப்பாரிக்கு வந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே சொன்னார்கள். பெரியண்ணன் பாடையின் கால்மாட்டில் நின்றிருந்தார். வாய் திறக்கவில்லை.

*

படத்திறப்பு ஐந்து மணிக்கு என்று போட்டால் ஆறுக்குத்தான் தொடங்கும். தொடங்கியது. சுமைதூக்குவோர் சங்கத்துக்காரர் தலைமையுரையில், தான் சிறை போன கதையைச் சொன்னார். ராசப்பன் பெயர் இரண்டு முறை வந்தது. ஒருமுறை ராமப்பன் என்றார். பெரியண்ணன் மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கத்தில், வலது பக்கம் திரும்பி இரண்டு கையையும் ஸ்டியரிங் மாதிரி தூக்கினார். அங்கே ஒயர் சுருள் மட்டும் கிடந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

நீலத் துணியை எடுத்தார்கள். படத்தில் ராசப்பன் முன்னெப்போதும் போடாத கோட்டு போட்டிருந்தான். ஸ்டுடியோவில் ஒட்டியது.

எட்டாவது உரை நடந்துகொண்டிருந்தபோது சந்திரம்மாள் எழுந்து மிக்சர் பக்கம் வந்து குனிந்தாள்.

"அண்ணே, அடுத்தது நீங்கதான். ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஸ்ரீரங்கத்துக் கதையைச் சொல்லிடாதீங்க."

"எந்தக் கதை?"

"அதாண்ணே. காலட்சேபம். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம செத்தான்னு ஊரு சிரிக்கும். என் மவன் கோட்டு போட்டு படம் வச்சிருக்கான். கோட்டுக்காவது மரியாதை இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அனீஸ்.

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். காளியாயி சொல்லித் தொலை என்கிறாள், சந்திரம்மாள் சொல்லாதே என்கிறாள். சந்திரம்மாள் சொல்லாதே என்பது தன் புருஷனின் தப்பை. இவர் சொல்ல வேண்டியது தன்னுடைய தப்பை. இரண்டும் வேறு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி வந்ததில் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். போய் மைக் முன்னால் நின்றார். கை தானாகப் போய் மைக்கைத் தட்டியது.

"ஹலோ. ஹலோ. ஒன், டூ."

பந்தல் சிரித்தது.

"எனக்கு மைக்ல இது மட்டும்தான் பேசத் தெரியும்," என்றார். இன்னும் சிரித்தார்கள்.

சிரிப்பு அவரைத் தாங்கியது. ராசப்பன் பேச்சுகளுக்கு வைத்த பெயர்களைச் சொன்னார். மணப்பாறை முறுக்கைச் சொன்னார். துண்டுப் பேச்சைச் சொன்னார். கூட்ஸ் வண்டியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் பிசகியது. சத்திரம் பஸ்ஸைச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கி உடம்பை ஆட்டிக் காட்டினார். தலைமையுரைக்காரரே சிரித்துவிட்டார். சந்திரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பதினாறு நாளில் இப்போதுதான் சிரிக்கிறாள் என்று அவள் பக்கத்தில் இருந்த பெண் முகத்தில் எழுதியிருந்தது.

இப்போது சொல்லலாம் என்று நினைத்தார்.

"ராசு எனக்காக ஒரு நாளு…"

சிரிப்பு அடங்கியது. அனீஸ் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். சந்திரம்மாளின் முந்தானை வாயிலிருந்து இறங்கியது. வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். கடை, தோள், மாசச் சம்பளம், காளியாயியின் மாத்திரைச் சீட்டு, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று.

"…எனக்காக நெறைய தூக்கியிருக்கான்," என்றார்.

அதுவும் உண்மைதான். ஆனால் அது இல்லை.

"இத்தோட நான் முடிச்சுக்கறேன்."

கை தட்டினார்கள். அவர் நகரவில்லை. வந்த காரியம் இன்னும் தொண்டைக்குக் கீழே இருந்தது. அது இல்லாமல் இறங்கினால் அப்புறம் எங்கே சொல்வது?

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். போன மாசம் ஸ்ரீரங்கத்துல…"

சந்திரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பீமராவ் அம்மாவைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தான்.

"ஸ்ரீரங்கத்துல வேலைன்னா ராசுவுக்குப் புடிக்கும். பொங்கல் குடுப்பாங்க. எனக்கும் சேத்து வாங்கிட்டு வருவான்."

லேசான சிரிப்பு. பெரியண்ணன் மைக்கைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறந்தார். மூடினார்.

"அவ்வளவுதான். முடிச்சுக்கறேன்."

அப்போதும் நின்றார்.

"சத்திரம் பஸ்," என்றான் யாரோ ஒருவன், பின்வரிசையிலிருந்து.

பந்தலே அதிர்ந்தது. இவர் சொல்லிக் கொடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பிடித்துக்கொண்டார்கள். பீமராவ் சிரித்தான். அனீஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். சந்திரம்மாளும் நிமிர்ந்து சிரித்தாள், அதில் பெரிய ஆறுதல் தெரிந்தது. பெரியண்ணனும் சிரித்தார். வேறென்ன செய்வது. சிரித்துக்கொண்டே இறங்கி மிக்சருக்கு வந்து உட்கார்ந்தார். அடுத்து பேச வந்தவருக்கு மைக் கொஞ்சம் உயரமாக இருந்தது. எழுந்து போய்த் தாழ்த்தி வைத்துவிட்டு வந்தார்.

இருபத்தாறு வருஷமாக இவரும் ராசப்பனும் மேடையை விட்டு இறங்காதவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். மைக் ஆசை என்று நினைத்தார்கள். சிலருக்கு அதுவாகவும் இருக்கும். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் எவனாவது நின்றிருப்பானோ என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ராசப்பன் இருந்தால் இதைச் சொல்லலாம். அவனிடம்தான் சொல்ல முடியும்.

*

பதினோராவது உரை முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். பெரியண்ணன் ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் தோள் ஒருமுறை பிடித்து விட்டது. சந்திரம்மாள் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து பாக்ஸ் மேல் வைத்தாள்.

"நல்லா பேசுனீங்கண்ணே. எல்லாரும் அவரை விட்டுட்டு வேற எதையோ பேசுனாங்க. நீங்கதான் அவரைப் பேசுனீங்க."

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஸ்ரீரங்கம்னு ஆரம்பிச்சதும் எனக்குத் திக்குனுச்சு. நல்லவேளை."

"தங்கச்சி," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

அவள் நின்றாள். அவசரம் இல்லை அவளுக்கு. பந்தலில் நாற்காலி அடுக்குகிற சத்தம் கேட்டது. மைக்கை அணைத்தாகிவிட்டது. முன்னால் கூட்டமும் இல்லை. ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு வரி.

"டீயில சக்கரை கம்மியா இருக்கு," என்றார்.

"உங்களுக்கும் சக்கரைதானே. வேணும்னுதான் கம்மியாப் போட்டேன்." அவள் கோட்டு போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இவரை நெனச்சாத்தான் இன்னும் ஆத்திரம் அடங்கல. ஒரு போனைக் காதுல வச்சு முழுசாக் கேக்க மாட்டாரா ஒரு மனுசன்? சாகறவரைக்கும் எல்லாத்தையும் பாதியாக் கேட்டே பழக்கம் போல. எத்தனை நாளைக்கண்ணே செத்தவரைத் திட்டறது? எனக்கே ஓஞ்சு வருது. ஆனா விட முடியல."

"பெரியண்ணே, வண்டி வந்துருச்சு. ஏத்தலாமா?" என்று தெருமுனையிலிருந்து அனீஸ் கேட்டார்.

"வரேன் மொதலாளி."

சந்திரம்மாள் காலி கப்பை வாங்கிக்கொண்டு போனாள். பீமராவ் வந்து பாக்ஸின் மறுபக்கத்தைப் பிடித்தான், வேண்டாம் என்று சொன்ன பிறகும். இரண்டு பேரும் தூக்கினார்கள். பையன் பாரத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான், அப்பாவைப் போலவே, சொல்லாமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் போனை எடுத்தது பெரியண்ணன். ராசப்பன் இல்லை. இந்த ஒரு வரியை அவர் சந்திரம்மாளுக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.